ஆனை மேல தூங்கினவங்க

கேள்வி: மரணம்ங்கறது ஒரு நீண்ட தூக்கம்தான்னு பெரியவங்க சொல்றாங்களே, அப்புறம் அதுக்கு ஏன் சார் பயப்படணும்? (வாசகர், மன்னார்குடி)

பதில்: எந்தப் பெரியவங்க? வள்ளுவரைச் சொல்றீங்கன்னா, அவர் 'உறங்குவது போலும் சாக்காடு'ன்னுதான் சொன்னார். அந்தப் 'போலும்'மை நைசா கழட்டிட்டு மீதியை மட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல போட்டுட்டுப் போயிடறாங்க. போஸ்டர்னதும் வயிறு எரியுது. 'ஆழ்ந்த இறங்கல்'! வருத்தத்துக்கு சின்ன 'ர'ய்யா, பெரிய 'ற' போட்டா கிணத்துக்குள்ள இறங்கறது. இருபது வருஷமா இதே பக்கத்துல கத்திட்டிருக்கேன், போன மாசம் நம்ம பத்திரிகையிலயே அப்படி வந்துருச்சு, நம்ம ப்ரூஃப் ரீடரும் நானும் இப்ப பேசிக்கறதில்ல.

தூக்கத்துக்கு வர்றேன். இது நம்மாளுங்க பழைய டெக்னிக். செத்தார்னு சொல்லக் கூசி துஞ்சினார், அதாவது தூங்கினார்னு சொல்றது, தமிழ் வாத்தியார் 'மங்கலம்'னு நடத்தியிருப்பார், நீங்க அப்ப நிஜமாவே துஞ்சிட்டிருந்திருப்பீங்க. புறநானூத்துல சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன்னு ஒரு பாண்டிய ராஜா, இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன்னு இன்னொருத்தர். எங்க செத்தாங்கங்கறதுதான் இனிஷியல். சுந்தர சோழர் 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்', சரி, அரண்மனை, மெத்தை இருந்திருக்கும். 949-ல தக்கோலம் போர்ல யானை மேலயே கொல்லப்பட்ட சோழ இளவரசர் ராஜாதித்தனை 'ஆனைமேல் துஞ்சின'ன்னு கல்வெட்டுல வெட்டி வெச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் எனக்கு சந்தேகம். சுத்தி யுத்தம், கீழ யானை, மேல தூக்கமாம்! எனக்கு ஏசி பஸ் புஷ்பேக் சீட்லயே கண்ணு மூடாது. அந்த முறையை இன்னிக்கு வரைக்கும் விடாம வெச்சிருந்தா நம்ம வீடுகள்ல 'ஐசியூ நாலாம் நம்பர் பெட்டில் துஞ்சிய சித்தப்பா'ன்னுதான் இருக்கும், பின்னாடியே பில் தொகையையும் சேத்துக்கலாம்.

ஏன் பயப்படணும்னு கேட்டீங்கல்ல, அதை கிரேக்கத்துத் தத்துவ ஞானி எபிக்யூரஸ் 2300 வருஷம் முன்னாடியே முடிச்சு வெச்சுட்டார்: நாம இருக்கறவரை சாவு இல்ல, சாவு வந்துட்டா நாம இல்ல, ரெண்டு பேரும் சந்திச்சுக்கவே போறதில்ல, அப்புறம் என்ன பயம். லாஜிக்ல ஓட்டை கண்டுபிடிக்க எனக்குத் தெரியல. அவரே சிறுநீர்ல கல் அடைச்சு ரெண்டு வாரம் வலியில கிடந்து, கடைசியில வெந்நீர்த் தொட்டிக்குள்ள இறங்கி, தண்ணி கலக்காத ஒயின் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டுப் போனார்னு எழுதி வெச்சிருக்காங்க. அது வேணா ஆழ்ந்த இறங்கல்.

எங்க தாத்தா போனப்போ கூடத்துல கிடத்தி, தாடையைச் சேத்து வெள்ளைத் துணியால கட்டி, கால் கட்டைவிரல் ரெண்டையும் முடிஞ்சு வெச்சிருந்தாங்க. வந்த அத்தனை பேரும் 'தூங்கற மாதிரியே இருக்கார்'னாங்க. நான் சின்னப் பையன், எனக்குக் கோபம். எங்க தாத்தா தூங்கினா தெருக்கோடி வரைக்கும் குறட்டை கேக்கும்யா, எதிர்வீட்டு நாயே இடம் மாத்திப் படுக்கும், இதுவா தூக்கம்?

பாட்டி மட்டும் அப்படிச் சொல்லல. பதினாறு முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் பஸ் ஏறிப்போன அன்னிக்கு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும், எழுந்து வந்து என்னை உசுப்பி, "ஏன்டா, சத்தமே இல்லியே, உனக்கு எப்படிரா தூக்கம் வருது?"ன்னாங்க.