ஃபிக்ஸ் முடியப் போகிறது, வீடும் மாற வேண்டும்: இங்கிலாந்தில் முதலில் எதைச் செய்வது?

கேள்வி: இங்கிலாந்தில் சொந்த வீடு இருக்கிறது. வீட்டுக் கடனுக்கு 2021-இல் எடுத்த ஐந்து வருட ஃபிக்ஸ் (வட்டி மாறாத திட்டம்) இன்னும் சில மாதங்களில் முடிகிறது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் பெரிய வீட்டுக்குப் போகவும் எண்ணம். முதலில் ரீமார்ட்கேஜ் செய்து, அதாவது கடனைப் புதிய திட்டத்துக்கு மாற்றிவிட்டு, வீடு பார்ப்பதா, வீடு மாறும் வரை பொறுப்பதா?

பதில்:

அடுத்த ஒரு வருடத்துக்குள் வீடு மாறுவது உறுதி என்றால், இப்போது வேறு வங்கிக்குப் போய்ப் புதிதாக ஒரு நீண்ட ஃபிக்ஸில் கையெழுத்துப் போடாதீர்கள். வட்டி எவ்வளவு குறைவு என்று எல்லோரும் பார்க்கிறோம். உங்கள் நிலையில் அதைவிட முக்கியம், நடுவில் கிளம்பினால் அபராதம் எவ்வளவு என்பது. நாங்கள் ஃபிளாட்டிலிருந்து வீட்டுக்கு மாறியபோதும் இதே இடத்தில்தான் நின்றோம். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இது இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்தில் வீடு வாங்கும் சட்டமுறையும் வரியும் வேறு.

முதலில் உங்கள் பழைய மார்ட்கேஜ் ஆஃபர் கடிதத்தை (வங்கி வீட்டுக் கடன் தர ஒப்புக்கொண்ட கடிதம்) தேடி எடுங்கள். பத்துப் பதினைந்து பக்கம் இருக்கும், யாரும் படிப்பதில்லை. அதில் பகுதிகளுக்கு எண் போட்டிருப்பார்கள். ஒன்பதாவது பகுதி, கெடுவுக்கு முன் கடனை அடைத்தால் என்ன கட்டணம் என்று சொல்லும். பத்தாவது பகுதியில், இந்தக் கடனை வேறு வீட்டுக்குக் கொண்டுபோகலாமா, வருடத்துக்கு எவ்வளவு கூடுதலாகக் கட்டலாம் என்பதெல்லாம் இருக்கும். எர்லி ரீபேமென்ட் சார்ஜ் என்ற இந்த அபராதம் ஐந்து வருட ஃபிக்ஸில் பெரும்பாலும் முதல் வருடம் 5 சதவீதம், அடுத்து 4 என்று படிப்படியாக இறங்கும். ஃபிக்ஸ் முடியும் தேதிக்கு மறுநாள் அது பூஜ்யம். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இனி எடுக்கும் ஒவ்வொரு முடிவும் அதைச் சுற்றித்தான்.

கணக்கு போட்டுப் பார்த்தால் விஷயம் சட்டென்று விளங்கும். உங்கள் வீட்டின் இன்றைய மதிப்பு 3,50,000 பவுண்ட், பாக்கிக் கடன் 2,50,000 என்று வைத்துக்கொள்வோம். குறைந்த வட்டி என்று இப்போது ஒரு புதிய ஃபிக்ஸ் எடுத்து, எட்டு மாதத்தில் வீட்டை விற்றுக் கடனை அடைத்தால், அபராதம் 3 சதவீதம் என்றாலே 7,500 பவுண்ட் போய்விடும். ஃபிக்ஸ் எதுவும் எடுக்காமல், வங்கியின் ஸ்டாண்டர்டு வேரியபிள் ரேட்டில் (ஃபிக்ஸ் முடிந்ததும் தானாகப் போய் விழும், வங்கியே ஏற்றி இறக்கும் வட்டி) மூன்று மாதம் ஓட்டுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அது 3 சதவீதம் அதிகமாகவே இருந்தாலும் கூடுதல் வட்டி சுமார் 1,875 பவுண்ட்தான். வேரியபிள் ரேட் என்றாலே பயப்படுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அதற்காக அதிலேயே வருடக்கணக்கில் இருக்கச் சொல்லவில்லை. வீட்டுக்கு வாங்குபவர் கிடைத்து வேலை நடந்துகொண்டிருக்கும்போது, ஓரிரு மாதம் அதில் இருப்பதில் தப்பே இல்லை.

விற்பது எப்போது என்று இன்னும் தெரியவில்லை என்றால், நான் பரிந்துரைப்பது நாங்கள் செய்ததைத்தான். இருக்கும் வங்கியிலேயே, அபராதம் இல்லாத டிராக்கருக்கு மாறுங்கள். இதைப் புரோடக்ட் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். கடனைக் கூட்டாமல் திட்டத்தை மட்டும் மாற்றுவதால் பெரும்பாலும் சம்பளச் சீட்டு கேட்க மாட்டார்கள், சொலிசிட்டரும் (சட்டவேலை பார்க்கும் வழக்கறிஞர்) தேவையில்லை. வங்கியின் ஆப்பிலேயே முடிந்துவிடும். டிராக்கர் வட்டி பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டியோடு ஏறும், இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் நெஞ்சை அடைக்கிறது என்றால் டிராக்கர் உங்களுக்கு ஒத்துவராது. 2021 டிசம்பர் நடுவில் 0.1 சதவீதமாக இருந்தது 2023 ஆகஸ்டில் 5.25-க்குப் போனதை நாம் எல்லோரும் பார்த்தோம். ஆனால் எந்த மாதமும் அபராதமின்றிக் கிளம்பலாம் என்ற சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. வீடு விற்கப் போகிறவருக்கு அந்த விலை நியாயமானது.

இன்னொன்று. ஃபிக்ஸ் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே புதிய வட்டியைப் பிடித்து வைக்கப் பெரும்பாலான பெரிய வங்கிகள் அனுமதிக்கின்றன. 2023-இல் அரசும் வங்கிகளும் சேர்ந்து கொண்டுவந்த மார்ட்கேஜ் சார்ட்டரில் இதுவும் ஒன்று. பிடித்து வைத்த பிறகு வட்டி இறங்கினால், புதிய திட்டம் தொடங்குவதற்கு முன் குறைந்ததற்கு மாற்றிக்கொள்ளலாம். எனவே ஒன்றைப் பதிவு செய்து வைப்பதில் நஷ்டமில்லை. தொடங்கிய பிறகுதான் கட்டு விழுகிறது.

அடுத்தது போர்ட் செய்வது, அதாவது பழைய கடனை அதே வட்டியோடு புது வீட்டுக்குக் கொண்டுபோவது. "போர்ட்டபிள்" என்று கடிதத்தில் இருந்தால் அது உங்கள் உரிமை என்று நினைத்துவிடாதீர்கள். வங்கி உங்களைப் புது விண்ணப்பதாரராகவே பார்க்கும். வருமானம், செலவு, நர்சரி கட்டணம், கார் தவணை, கிரெடிட் ரெக்கார்டு எல்லாம் மறுபடி. இடையில் ஒருவர் வேலையை விட்டிருந்தாலோ, சொந்தத் தொழில் தொடங்கியிருந்தாலோ, ஐந்து வருடமாகத் தவணை தவறாமல் கட்டியவருக்கும் இல்லை என்று சொல்லிவிடக்கூடும். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு, மனைவி பிரசவ விடுப்பில் இருந்தபோது இது நடந்தது. வேலைக்குத் திரும்பும் தேதியையும் சம்பளத்தையும் அலுவலகத்திலிருந்து கடிதமாக வாங்கிக் கொடுத்த பிறகுதான் கோப்பு நகர்ந்தது.

உங்கள் ஃபிக்ஸ் முடியப் போவதால் பழைய வட்டியைக் காப்பாற்ற போர்ட்டிங் பெரிதாக உதவாது. ஆனால் இப்போது புதிதாக ஒன்றை எடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும். போர்ட் செய்து கூடுதல் கடனும் வாங்கினால், அந்தக் கூடுதல் தொகை அன்றைய வட்டியில் தனிப் பகுதியாக நிற்கும். இரண்டு பகுதிகளும் வெவ்வேறு தேதிகளில் முடிந்தால், ஒன்று முடியும்போது மற்றொன்றுக்கு அபராதம் ஓடிக்கொண்டிருக்கும்; அபராதம் கட்டாமல் வேறு வங்கிக்கு மொத்தமாக மாறவே முடியாது. கூடுதல் கடன் எடுக்கும் அன்றே, முடியும் தேதிகள் கூடியவரை ஒட்டி வருமாறு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மேலும், விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நடக்காவிட்டால் சில வங்கிகள் முதலில் அபராதத்தை எடுத்துக்கொண்டு, குறிப்பிட்ட மாதங்களுக்குள் அவர்களிடமே புதுக் கடன் வாங்கினால் திருப்பித் தருவார்கள். எத்தனை மாதம் என்பது வங்கிக்கு வங்கி வேறு. எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது புது வீட்டுக் கணக்கு. 4,50,000 பவுண்ட் வீடு என்று வைப்போம். பழைய வீட்டை விற்றுக் கடனை அடைத்தால் கையில் 1,00,000. மீதி 3,50,000 கடன். பொதுவாக வங்கிகள் வருட வருமானத்தைப் போல் நாலரை மடங்கு வரை தருவார்கள். அப்படியானால் இருவர் வருமானமும் சேர்ந்து சுமார் 78,000 பவுண்ட் வேண்டும். இந்தக் கடன் வீட்டு மதிப்பில் 77.8 சதவீதம். வங்கிகள் இந்தச் சதவீதத்தை அடுக்குகளாகப் பிரித்து வட்டி சொல்கின்றன; இது 80 சதவீத அடுக்கில் விழும். கடனை 3,37,500-க்குக் குறைத்தால் 75 சதவீத அடுக்குக்கு வந்துவிடலாம், வட்டியும் பெரும்பாலும் குறையும். அந்த 12,500 சேமிப்பிலிருந்து வர முடியுமா என்று பாருங்கள்.

ஆனால் அதே சேமிப்பைத்தான் ஸ்டாம்ப் டியூட்டியும் கேட்கும். 2025 ஏப்ரல் 1 முதல் முதல் 1,25,000-க்கு வரி இல்லை, அடுத்து 2,50,000 வரை 2 சதவீதம், அதற்கு மேல் 9,25,000 வரை 5 சதவீதம். 4,50,000-க்கு 12,500 பவுண்ட். முதல் வீடு வாங்குபவர்களுக்கான சலுகை நமக்குக் கிடையாது. எஸ்டேட் ஏஜெண்டுக்கு 1.5 சதவீதம் பேசியிருந்தால் 5,250, அதன் மேல் வாட் 1,050. பிறகு விற்கவும் வாங்கவும் சொலிசிட்டர் கட்டணம், சர்வே, வண்டி. இதையெல்லாம் கடனில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் மறுபடி அடுக்கு ஏறும். இந்தக் கணக்கை வீடு பார்க்கப் போவதற்கு முன் போடுங்கள். ஒரு வீட்டின் மேல் மனசு விழுந்த பிறகு யாருக்கும் கணக்கு சரியாக வருவதில்லை.

பழைய வீட்டை விற்கும் முன் புது வீட்டை வாங்கினால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அப்போது மொத்த விலைக்கும் 5 சதவீதம் கூடுதல் வரி, இந்த உதாரணத்தில் 22,500 பவுண்ட். மூன்று வருடத்துக்குள் பழைய வீட்டை விற்றால் திரும்பக் கேட்டு வாங்கலாம், ஆனால் அன்று கையில் அந்தப் பணம் இருந்தாக வேண்டும். வேறு வழியே இல்லாவிட்டால் தவிர இதற்குப் போகாதீர்கள்.

ஊரிலிருந்து பெற்றோர் பணம் தருவதாக இருந்தால், அதைக் கடைசி மாதத்துக்கு வைக்கவே கூடாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஆட்களின் வீடு மாற்றம் அதிகம் தாமதமாவது இதில்தான். பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்பது சட்டப்படி அவர் கடமை. இந்தியாவிலிருந்து ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். ஆனால் அப்பா நிலம் விற்ற பணம் என்றால் கிரயப் பத்திரம், அவர் வங்கிக் கணக்கில் அது வரவான பக்கம், இங்கே வந்து சேர்ந்த பக்கம், இது கடன் அல்ல, வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம் என்று அவர் கையெழுத்திட்ட கடிதம், எல்லாம் கேட்பார்கள். பத்திரம் தமிழில் இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் வேண்டும். ஏஜெண்டைப் பார்க்கும் முன்பே இந்தக் கோப்பைத் தயார் செய்யுங்கள்.

மற்றபடி வாங்கும் நடைமுறையில் நினைவில் வைக்க வேண்டியது, எக்ஸ்சேஞ்ச் ஆகும் வரை, அதாவது இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ளும் வரை, யாருக்கும் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. விலை பேசி, சர்வே முடிந்து, பிள்ளைகளுக்கு அறை பிரித்த பிறகும் எதிராளி விலகலாம், நாமும் விலகலாம். உங்களிடம் வாங்குபவர், அவரிடம் வாங்குபவர் என்று ஒரு செயினில் யாரோ ஒருவரின் மார்ட்கேஜ் ஆஃபர் காலாவதியானால் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். ஆஃபர் பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதம் செல்லும். அதனால் உங்கள் ஆஃபர் முடியும் தேதியையும் சொலிசிட்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃபிளாட் விற்பதானால், ஃப்ரீஹோல்டர் (கட்டடத்தின், நிலத்தின் உரிமையாளர்) தரப்பிலிருந்து வர வேண்டிய லீஸ்ஹோல்டு (நீண்டகாலக் குத்தகை) தகவல் தொகுப்பை விளம்பரம் போட்ட அன்றே பணம் கட்டிக் கேளுங்கள். எங்களுக்கு அது வந்து சேர்வதற்குள் வாங்குபவர் பொறுமை இழந்து தினமும் ஏஜெண்டுக்குப் போன் செய்தார்.

எக்ஸ்சேஞ்சில் வழக்கமாக விலையில் 10 சதவீதம் டெபாசிட் கட்ட வேண்டும். புது வீட்டுக்கு 45,000. உங்களிடம் வாங்குபவர் தருவது 35,000. மீதி 10,000-ஐக் கையிலிருந்து போட வேண்டுமா என்று பதற வேண்டாம். கீழிருந்து வரும் தொகையையே மேலே கொடுத்து, குறைந்த டெபாசிட்டை ஏற்கும்படி உங்கள் சொலிசிட்டர் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். அன்றிலிருந்தே புது வீட்டுக்கு பில்டிங் இன்ஷூரன்ஸ் உங்கள் பெயரில் இருக்க வேண்டும்; சாவி வந்த பிறகு எடுக்கலாம் என்று விடாதீர்கள். எக்ஸ்சேஞ்சுக்கும் கம்ப்ளீஷனுக்கும் (பணம் முழுதும் கொடுத்துச் சாவி வாங்கும் நாள்) நடுவில் சோஃபாவைக் கூடத் தவணையில் வாங்காதீர்கள், வங்கி மறுபடி கிரெடிட்டைப் பார்க்கலாம்.

கம்ப்ளீஷன் தேதி பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே பேசுங்கள். செயினில் நாலைந்து குடும்பம் இருக்கும்போது வளர்பிறை முகூர்த்தத்துக்குக் காத்திருக்க முடியாது, ஆடி மாதம் என்று தள்ளவும் முடியாது. எங்கள் அம்மாவுக்கு நான் சொன்னது, சாவி வாங்குவது வேறு, குடிபோவது வேறு. சாவியை அவர்கள் சொன்ன நாளில் வாங்கி, வாய்ப்பிருந்தால் சாமான்களை இறக்கிவிட்டு, நல்ல நேரம் பார்த்துப் பால் காய்ச்சலாம். அம்மா அதை முழுமனதாக ஏற்றுக்கொண்டார்கள். அன்று காலையில் பணம் செயினின் அடியிலிருந்து ஒவ்வொரு சொலிசிட்டராகக் கடந்து மேலே போக வேண்டும். வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டு புது வீட்டு வாசலில் மதியம் வரை நிற்க நேரிடலாம். பிள்ளைகளுக்குச் சாப்பாடு, மருந்து, பாஸ்போர்ட், போன் சார்ஜர் எல்லாம் வண்டியில் ஏறாமல் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த வாரமே செய்துவிடுங்கள். வங்கிக்குப் போன் செய்து மூன்று கேள்விகள்: ஃபிக்ஸ் சரியாக எந்தத் தேதியில் முடிகிறது, அபராதமில்லாத டிராக்கர் இப்போது என்ன வட்டியில் இருக்கிறது, அதிலிருந்து புது வீட்டுக்குக் கூடுதல் கடனோடு மாற என்ன விதி. பதில்களை எழுதிக்கொண்டு, மொத்தச் சந்தையையும் பார்க்கும் ஒரு மார்ட்கேஜ் புரோக்கரிடம் போங்கள். இருக்கும் வங்கியிலேயே தொடர்வதுதான் மலிவு என்றால் அதையும் சொல்வாரா என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். எங்களுக்கு அப்படி நேர்மையாகச் சொன்ன புரோக்கரிடம்தான் பிறகு புது வீட்டுக் கடனையும் கொடுத்தோம்.