அட்டைப் பொம்மையாக நிற்கும் கதைமாந்தருக்கு உயிர் வருவது எப்படி?

தம் கதைமாந்தர்கள் அட்டைப் பொம்மைகளாக நிற்பதாக நண்பர்கள் குறை சொல்கிறார்கள் என்றும், ஒவ்வொருவருக்கும் பிறந்த தேதி முதல் பிடித்த நிறம் வரை பட்டியல் எழுதிப் பார்த்தும் பயனில்லை என்றும் கேட்டவர் வருந்தியிருக்கிறார். அதே பட்டியலை நானும் ஒரு காலத்தில் எழுதியவன் என்பதால்தான் பதில் சொல்லத் துணிகிறேன். இதுவரை அச்சேறிய என் சிறுகதைகள் பதினொன்றுதான். பாடம் நடத்த இவர் யார் என்று கேட்க நினைப்பவர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளலாம்.

எனக்குச் சொந்த ஊர் தங்கச்சிமடம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது கணவரைப் பறிகொடுத்துத் தப்பி வந்தவர் என் அப்பத்தா. தலைமன்னார்க் கப்பலுக்குப் போகிற கூட்டத்தையும் அவர்களுக்குச் சுமை தூக்கிய போர்ட்டர்களையும் நம்பி அங்கே இட்லிக் கடை நடத்தியவர். 1998இல், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான், அவரை மனத்தில் வைத்து ஒரு கதை எழுதினேன். அதில் வந்த பெண் பத்துப் பக்கமும் கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். அப்பத்தாவுக்குப் படிக்கத் தெரியாது என்பதால் நானே படித்துக் காட்டினேன். காய்கிற கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே கேட்டவர், “யாருடா இவ, எந்நேரமும் அழுதுக்கிட்டு? இவளுக்கு வேற சோலியே இல்லையா? கடலப் பாக்குறது காத்து வாடையா கச்சானான்னு தெரிஞ்சுக்கத்தான். பெருமூச்சு விடவா பாப்பாக?” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவராகவே சொன்னதுதான் இந்தப் பதிலை எழுதக் காரணம். புயலுக்குப் பிறகு இராமேசுவரத்தில் ஒரு சத்திரத்தில் பழைய சேலை கொடுத்திருக்கிறார்கள். வரிசையில் நின்ற அப்பத்தாவின் கையில் கொடுக்காமல், முந்தி கிழிந்த ஒரு சேலையை அவர் மேல் வீசிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறார் கொடுத்த அம்மாள். திரும்பினால், அப்பத்தாவின் கடையில் நான்கு ரூபாய் பாக்கி வைத்திருந்த போர்ட்டர் ஒருவர் பின்னால் நிற்கிறார். அவர் அதைப் பார்த்துவிட்டார். அத்தனை பேர் நடுவில், “எங்கடா என் நாலு ரூவா?” என்று அப்பத்தா கேட்டுவிட்டார். அந்த மனிதர் இரண்டு பிள்ளைகளைக் கடலில் விட்டுவிட்டு வந்தவர். “தெரியாமக் கேட்டியா அப்பத்தா?” என்றேன். “தெரிஞ்சுதான் கேட்டேன். அவன் குடுக்கவும் இல்ல, நான் அப்புறம் கேக்கவும் இல்ல. எழுதுனா எழுது, எம் பேரப் போடாத” என்றார். புருஷன் செத்ததற்கு அழுததை ஊரறியச் சொன்னவர், இதை முப்பத்துநான்கு ஆண்டு யாரிடமும் சொல்லவில்லை.

மனத்தின் உணர்ச்சி உடலில் வெளிப்படுவதைப் பேசும் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது: இளிவு, இழவு, அசைவு (நிலை தாழ்தல்), வறுமை. எளியவராக்கி இகழப்படுவதே இளிவு. அது இழவுக்கு முன்னால் நிற்பதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது நான் கவனித்ததில்லை. வரிசைக்கு உரையாசிரியர்கள் என்ன பொருள் கொண்டாலும், கதை எழுதுகிறவனுக்கு அது நல்ல வழிகாட்டி. உங்கள் மாந்தர் எதை இழந்தார் என்பதை நீங்கள் அநேகமாக முதல் பக்கத்திலேயே எழுதியிருப்பீர்கள். யார் கண் முன்னால் எளியவரானார், அந்தச் சூட்டைத் தம்மைவிட எளிய எவர்மீது இறக்கினார் என்பதைத் தேடினீர்களா? அப்பத்தாவின் அந்த ஒரு கேள்வியில் பெருமிதம், வெகுளி (சினம்), இளிவரல் (இழிவுணர்வு) ஆகிய மெய்ப்பாடுகள் மூன்றும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன.

கதையைத் திருத்தியபோது இன்னொரு தவறும் செய்தேன். நான்கு ரூபாய் கேட்டதை அப்படியே விட மனம் வராமல், கைக்குழந்தைக்குப் பால் வாங்கவே அவள் கேட்டாள் என்று ஒரு வாக்கியம் சேர்த்தேன். சேர்த்தவுடன் அவள் மீண்டும் பொம்மையானாள். காரணம் காட்டி அவளை நல்லவளாக்கியது அவளுக்காக அன்று, பேரனாகிய என் வெட்கத்துக்காக. அந்த வாக்கியத்தை அடித்த பிறகுதான் அவள் நான் எதிர்பாராத வேறு இரண்டு காரியங்களையும் கதைக்குள் செய்தாள்.

அந்தக் கதையை, வாசகருக்கு இவள்மீது பரிவு வராது என்று ஓர் இதழாசிரியர் திருப்பி அனுப்பினார். கடற்கரைப் பெண் என்றால் மாரடித்து அழ வேண்டும், இல்லையேல் தெருவில் நின்று வைய வேண்டும் என்றே இவர்கள் எதிர்பார்க்கிறார்கள். கணக்குப் பார்த்துக் கடை நடத்திய ஒருத்தியை அவர்களுக்கு அடையாளம் தெரிவதில்லை. இருபது ஆண்டு கழிந்தும் எனக்கு அது ஆறவில்லை.

வீட்டுக் கதையை எழுதுவது புனைவாகுமா என்று சிலர் கேட்பார்கள். என் கதையில் இட்லிக் கடை இல்லை, சத்திரம் இல்லை, புயலே இல்லை. கேட்டுப் பெற்றது அந்த நான்கு ரூபாயின் சூடு மட்டும். தெரிந்தவர் வாழ்க்கையை அப்படியே பெயர்த்தெழுதச் சொல்வதாக என்னைப் படிக்க வேண்டாம்.

இப்போது மன்னார் வளைகுடாத் தீவுகளுக்குப் பாசி எடுக்கப் போகும் ஒருத்தியைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு அவள் வள்ளத்தில் ஏறுவது வரை வந்துவிட்டது. யார் முன்னால் அவள் தலை குனிவாள் என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நான்கு மாதமாக வள்ளம் கரையிலேயே நிற்கிறது.