ஐரோப்பிய நெருக்கடிகளை ஒரு வரலாற்றுப் பேராசிரியர் ஆராய்வதால் யாருக்கு என்ன பயன்?

வரலாறு படிக்கலாமா என்று நீங்களோ உங்கள் வீட்டில் யாரோ யோசித்துக்கொண்டிருப்பீர்கள். சொந்தக்காரர் யாராவது இதே கேள்வியைப் போட்டு வாயை அடைத்திருப்பார். என்னையும் கேட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெர்மனியில் நான் முதுகலை படித்தபோது எங்கள் பேராசிரியரின் ஆய்வு முழுக்க வைமார் குடியரசைப் பற்றியது, அதாவது முதல் உலகப் போருக்குப் பிறகு ஹிட்லர் வரும்வரை ஜெர்மனியில் இருந்த மக்களாட்சியைப் பற்றியது. ஒருநாள் ஒரு பள்ளி ஆசிரியர் குடும்பத்தின் வரவு செலவு நோட்டை நகலெடுத்து வந்து மேசையில் பரப்பினார். 1923ஆம் வருஷப் பக்கங்களில் எண்கள் கட்டத்துக்குள் அடங்கவே இல்லை. போருக்கு முன் ஒரு டாலருக்கு 4.2 மார்க், அந்த நவம்பரில் 4.2 லட்சம் கோடி மார்க். "இதனால்தானே ஹிட்லர் வந்தார்?" என்றான் பக்கத்திலிருந்தவன். அவர் பதில் சொல்லாமல் 1931ஆம் வருஷப் பக்கங்களை எடுத்து வைத்தார். அதில் விலை இறங்கியிருந்தது, சம்பளமும் இறங்கியிருந்தது. பிரதமர் ப்ரூனிங்கின் அரசு அவசர ஆணை போட்டுப் போட்டு அரசு ஊழியர் சம்பளத்தை வெட்டிய காலம் அது.

1923 நவம்பரில் ரென்டன்மார்க் என்ற புது நாணயம் வந்ததோடு பணவீக்கம் அடங்கிவிட்டது. 1928 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 2.6 சதவீதம். 1932 ஜூலையில் 37 சதவீதம். நடுவில் வந்தது வேலையின்மை. 1932 தொடக்கத்தில் வேலையில்லாதவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். இரண்டு நெருக்கடிகளையும் ஒன்றாகக் குழப்பினால், செலவை வெட்டினால் நாடு பிழைத்துவிடும் என்று தோன்றும். வெட்டிய வருஷங்களில்தான் நாஜிகள் வளர்ந்தார்கள். நீங்கள் கேட்ட பயன் இதுதான்.

1923க்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. சேமிப்பைப் பறிகொடுத்த நடுத்தரக் குடும்பங்கள் அந்தக் குடியரசை மன்னிக்கவில்லை. பொருளாதாரம் மட்டுமே காரணம் என்றும் சொல்லவில்லை. பௌஹவுஸ் கலைப்பள்ளி, வானொலி, 1927இன் வேலையின்மைக் காப்பீடு எல்லாம் அதே குடியரசின் காலத்தில் வந்தவைதான். அந்த நவீனத்தையும் நெருக்கடியையும் பிரிக்காமல் பார்த்தவர் டெட்லெவ் பாய்கெர்ட் என்ற ஜெர்மன் வரலாற்றாசிரியர். 39 வயதில், 1990இல், இறந்துபோனார். இன்றும் அவரை விட்டுவிட்டு வைமாரைப் பேச முடியாது.

அப்புறம், படிப்புக் கடன். "பொறியியலாக இருந்தால் யோசிக்கலாம், வரலாற்றுக்கு எப்படித் தருவது?" என்று ஒரு வங்கியில் என் அப்பாவை வைத்துக்கொண்டே சொன்னார்கள். விண்ணப்பத்தை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா நகையை அடகு வைத்துத்தான் அனுப்பினார். உங்களுக்கும் அப்படிச் சொன்னால் சும்மா திரும்பி வராதீர்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.