சோதனைப் பாத்திக்குப் பழைய அறுவடை இயந்திரம் சரிப்படுமா?

கேள்வி: எங்களிடம் பழைய சிறிய கம்பைன் அறுவடை இயந்திரம் ஒன்று இருக்கிறது. நெல் ரகங்களைச் சிறு பாத்திகளில் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். இதையே மாற்றி அறுக்கலாமா?

பதில்: தாராளமாக மாற்றலாம், ஆனால் வயலில் ஓடும் இயந்திரத்துக்குப் பெரிதாகத் தெரியாத ஒரு குறை இங்கே சோதனையையே கெடுத்துவிடும். முந்தைய பாத்தியின் நெல் உள்ளே தங்கி அடுத்ததோடு கலப்பதுதான் அது. முக்கியமாகத் திருகு கன்வேயரை, அதாவது குழாய்க்குள் சுழன்று நெல்லைத் தள்ளும் திருகைப் பாருங்கள், குழாயின் அடிப்பக்கத்துக்கும் திருகுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் எப்போதும் ஒரு கை நெல் கிடக்கும். அதைக் கழற்றிவிட்டு பெல்ட்டோ காற்றுக் குழாயோ வையுங்கள், பெரிய தொட்டிக்குப் பதில் தராசில் தொங்கும் வாளி போதும். பாத்தி முடிந்ததும் வண்டியை நிறுத்துங்கள், ஆனால் கதிரடிக்கும் உருளையின் வேகத்தைக் குறைக்காதீர்கள், நெல் விழுவது நிற்கும்வரை காத்திருந்து, அப்புறம் சல்லடை ஓரங்களில் கம்ப்ரஸர் காற்றை அடியுங்கள். விதைக்காக அறுப்பதென்றால் இதில் இன்னும் கண்டிப்பு வேண்டும்.

வெட்டும் அகலத்துக்கு ஏற்றபடி பாத்தியை அமைப்பது நல்லது. ஓர வரிசைகளுக்கு வெளிச்சமும் உரமும் கூடுதலாகக் கிடைக்கும், அவற்றை முதலிலேயே தனியாக அறுத்துவிடுங்கள்.

எடை போடும்போதே ஈரப்பதத்தையும் குறியுங்கள். 18 சதவீத ஈரத்தில் 5 கிலோ என்றால், 14 சதவீதத்துக்கு மாற்ற 5-ஐ 82-ஆல் (100-இல் 18 போக) பெருக்கி 86-ஆல் (100-இல் 14 போக) வகுங்கள், சுமார் 4.77 கிலோ வரும். ரகங்களை அந்த எடையில்தான் ஒப்பிட வேண்டும்.