சுருட்டு நல்லதான்னு எப்படிப் பார்க்கிறது?

கேள்வி: மச்சான் டொமினிக்கன் சுருட்டு ஒன்னு கொடுத்தாரு, கையால சுத்துனது, மீடியம் பாடியாம். தரம் எப்படிங்க பார்க்கிறது? (வாசகர், பட்டர்வர்த்)

பதில்: பாடின்னா புகை வாயில எவ்ளோ கனமா நிக்குதுங்கிறது, நிக்கோட்டின் வேகம் வேற, குழப்பிக்காதீங்க. நுனியை வெட்டிட்டு பத்த வைக்காமலே ஒரு இழுப்பு இழுங்க, காத்து தாராளமா வரணும். அப்புறம் நிமிஷத்துக்கு ஒரு இழுப்பு போதும், அவசரப்பட்டா சூடாகி கசந்துரும், புகையை உள்ள விழுங்கவே கூடாது (வாயோட விட்டாலும் புற்றுநோய் ஆபத்து இருக்கு, அது வேற கதை). நடுப்பகுதிதான் அசல் பரீட்சை, மரவாசம், மிளகு, காப்பின்னு ருசி மாறிட்டே வந்தா நல்ல சரக்கு. ஒரு பக்கமாவே எரிஞ்சா உடனே சுத்துனவரைத் திட்டாதீங்க, நம்ம பினாங்கு ஈரத்துல சும்மா போட்டு வச்சா எந்த சுருட்டும் அப்படித்தான் எரியும், மூடின டப்பாவுல 65-லேர்ந்து 70 சதவீத ஈரப்பதம் இருக்கிற மாதிரி ஹியூமிடிட்டி பேக் (ஈரப்பதத்தை ஒரே அளவுல வச்சிருக்கிற சின்ன பொட்டலம்) போட்டு வைங்க. கோப்பிக்கடையில மட்டும் பத்த வச்சிராதீங்க, 2019-லேர்ந்து சாப்பாட்டுக் கடையில தடை.