குடும்பத்தில் பெரியவர் அநியாயம் செய்யும்போது கூட நிற்பதா, விலகுவதா? இலக்கியத்தில் யார் வழி உங்களுக்குச் சரியாகப் படுகிறது?

இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது கம்பராமாயணத்து இலங்கையும் எங்கள் வீட்டுக் கூடமும்தான். இரண்டையும் பிரித்து எழுத எனக்குத் தெரியவில்லை, சேர்த்தே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் ‘விபீஷணன்’ என்றால் என் சித்தப்பா. 1987-இல் அத்தையின் கணவர் இறந்துபோனார். அத்தை இரண்டு பிள்ளைகளோடு பிறந்த வீட்டுக்கு வந்தார். தாத்தா விட்டுப்போன நிலத்தில் மூன்று மாவாவது அத்தைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். பெரியப்பா ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அந்த ஊஞ்சல் ஆடும்வரை வீட்டில் யாருக்கும் பயமில்லை. சங்கிலிச் சத்தம் நின்றால்தான் எல்லோரும் அசையாமல் நிற்போம். அன்றைக்கு நின்றது. "கல்யாணத்துக்குப் போட்ட நகையோட அவ கணக்கு முடிஞ்சுபோச்சு" என்றார் பெரியப்பா. சித்தப்பா விடாமல் பேசினார். கடைசியில் ஒரு டிரங்குப் பெட்டியோடு வெளியே போனார். சில நாளில் அத்தையும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார். என் அப்பா, நடுவில் பிறந்தவர், கூடத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதன்பிறகு ஊரெல்லாம் அப்பாவை ‘அண்ணன் சொல் தட்டாத தம்பி’ என்று புகழ்ந்தது.

சரி, இலங்கைக்கு வருகிறேன்.

பட்டிமன்றங்களில் கும்பகர்ணனா, விபீஷணனா என்றுதான் கேட்பார்கள். மாரீசனையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பேன். இந்தக் கதையில் உயிர்ப் பயத்தை நேருக்கு நேர் பார்த்தவன் அவன்தான். இராமனின் அம்புக்குத் தப்பிப் பிழைத்து, காட்டில் தவக்கோலத்தில் இருப்பவனிடம் இராவணன் வந்து மாய மானாகப் போகச் சொல்கிறான். மாரீசன் புத்தி சொல்கிறான். மறுத்தால் வாளால் வெட்டுவேன் என்கிறான் இராவணன். அப்போதும் மாரீசன், உன் நன்மைக்காகத்தான் உண்மையைச் சொன்னேன், "என்வயின் இறுதி நோக்கி அச்சத்தால் இசைத்தேன் அல்லேன்" என்கிறான். அதாவது, என் சாவை நினைத்துப் பயந்து சொல்லவில்லை என்கிறான். பிறகு, என்ன செய்ய வேண்டும், சொல் என்று பணிந்துவிடுகிறான். அந்தப் பணிவால் ஒரு பெண் சிறைப்பட்டாள் என்பதை மறக்க முடியாது. ஆனாலும் அவன்கூட வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் பணிந்தான்.

விபீஷணன் சொன்னது எல்லோருக்கும் தெரியும். சீதையை விட்டுவிடு என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்க்கிறான். இரணியன் கதையையே முழுக்க எடுத்துச் சொல்கிறான். அதற்கு இராவணன் தருகிற பதில்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இரணியனின் பிள்ளையைப் போல நீயும் சூழ்ச்சி செய்கிறாய், நான் தோற்றபின் என் செல்வத்தை அடைந்து வாழப் பார்க்கிறாயா என்கிறான். நியாயத்தைச் சொன்னால் சொத்துக்கு ஆசைப்படுகிறாய் என்கிற இந்தப் பேச்சை நான் எங்கள் கூடத்திலும் கேட்டிருக்கிறேன். "அக்கா பேரைச் சொல்லி நீ பங்கு கேக்குறியா?" என்றுதான் பெரியப்பா சித்தப்பாவிடம் கேட்டார். சித்தப்பா கடைசிவரை தனக்கென்று ஒரு குழி நிலம்கூடக் கேட்கவில்லை.

விபீஷணனைத் துரோகி என்பவர்களின் வாதத்தையும் நான் ஒதுக்கவில்லை. புலவர் குழந்தை 1946-இல் வெளியிட்ட இராவண காவியம் அந்தக் கண்ணோட்டத்தில்தான் எழுந்தது. விலகிப் போவது ஒன்று, எதிரிக்கு வீட்டு இரகசியத்தைச் சொல்வது வேறு என்பது அவர்கள் வாதம். அதில் வலு உண்டு. ஆனால் சொல்ல வேண்டியதை எல்லாம் உள்ளே இருந்தே சொல்லி, துரத்தப்பட்ட பிறகு போனவனை, முதல் நாளே ஓடிப்போனவனைப் போலப் பேசக் கூடாது.

கும்பகர்ணனைத்தான் நாம் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறோம் என்று நினைக்கிறேன். அவன் வாயை மூடிக்கொண்டு அண்ணனுக்காக உயிரைக் கொடுத்தவன் இல்லை. முதல் மந்திராலோசனையிலேயே, சபைக்கு நடுவில், பிறன் மனைவியைச் சிறைவைப்போம், மாசற்ற புகழையும் விரும்புவோம், பேசுவது மானம், பேணுவது காமம், "நன்று நம் கொற்றம்" என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். ஆனால் அதே மூச்சில் அவன் சறுக்குவதையும் கம்பர் மறைக்கவில்லை. இனிமேல் சீதையை விட்டால் நம்மை எளியவர்கள் என்பார்கள், போரிட்டுச் செத்தால் பழியில்லை என்றும் அவனே சொல்கிறான். குடும்ப மானம் என்கிற அந்த ஒரு சொல் எவ்வளவு நல்ல மனிதர்களையும் வழுக்கிவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

பிறகு அவனை எழுப்பி, சோறு போட்டு, போர்க்கோலம் பூட்டுகிறார்கள். எதற்கு என்று தெரிந்ததும் அவன் கேட்பது, "சானகி துயர் இனம் தவிர்ந்தது இல்லையோ?" என்றுதான். இன்னுமா அந்தப் பெண்ணை விடவில்லை என்கிறான். மறுபடியும் அண்ணனுக்கு எடுத்துச் சொல்கிறான். மனிதர்களையும் குரங்கையும் கும்பிட்டுப் பிழைப்பது உனக்கும் உன் தம்பிக்கும்தான் தகும், எழுந்து போ என்று இராவணன் சீறுகிறான். அதற்குப் பிறகும் கும்பகர்ணன் விடைபெறும்போது, வென்று வருவேன் என்று சொல்லமாட்டேன், விதி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, நான் செத்தால் அப்போதாவது அவளை விட்டுவிடு, அது நல்லது என்கிறான். இதுவரை நான் செய்த குற்றம் ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள், இனி உன் முகத்தில் விழிப்பது இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறான்.

போர்க்களத்தில் விபீஷணன் வந்து கும்பிடுகிறான். அண்ணன் தம்பியை முகர்ந்து, உயிர் மூழ்கத் தழுவிக்கொள்கிறான். நீ ஒருவனாவது பிழைத்துப் போனாய் என்று மனம் மகிழ்ந்திருந்தேனே, ஏன் திரும்பி வந்தாய் என்று கண்ணீர் விடுகிறான். விட்டுப் போன தம்பியை அவன் ஒரு சொல்கூடத் துரோகி என்று சொல்லவில்லை! தான் ஏன் வரமுடியாது என்பதை மட்டும் சொல்கிறான்:

கருத்து இலா இறைவன் தீமை கருதினால், அதனைக் காத்துத்
திருத்தலாம் ஆகின் அன்றோ திருத்தலாம்?

திருத்த முடிந்தால் திருத்தலாம், முடியவில்லை என்றால் அவனுக்கு முன்னால் போரிட்டுச் சாவதுதான் "உண்டவர்க்கு உரியது" என்பது அவன் கணக்கு. இந்த முடிவு எனக்கு உடன்பாடு இல்லை. சோறு போட்ட கைக்காக அநியாயத்தின் பக்கம் நின்று சாவதை நான் என் பிள்ளைக்குச் சொல்லித்தரமாட்டேன். ஆனால் ‘திருத்தலாம்’ என்ற சொல்லை அவன் எத்தனை முறை செய்துபார்த்துவிட்டுச் சொல்கிறான் என்று பாருங்கள்.

சாகும்போது அவன் இராமனிடம் வேண்டுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். தம்பி என்றும் பார்க்காமல் இராவணன் இவனைக் கொன்றுவிடுவான், அதனால் உன்னையும் உன் தம்பியையும் அனுமனையும் விட்டு ஒரு பொழுதும் "எம்பி பிரியானாக அருளுதி" என்கிறான். யாருக்காக உயிரை விடுகிறானோ, அவனிடமிருந்தே தம்பியைக் காப்பாற்றச் சொல்லி எதிரியிடம் கேட்கிறான். அண்ணன் எப்படிப்பட்டவன் என்பது அவனுக்கு முழுக்கத் தெரிந்திருந்தது.

இன்னொருத்தியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. விபீஷணனின் மகள் திரிசடை. அப்பா வெளியே போனபிறகும் அவள் அரக்கியர் காவலுக்கு நடுவிலேயே இருந்து சீதைக்குத் தைரியம் சொன்னாள். எங்கள் வீட்டில் அது என் அம்மா. பெரியப்பாவுக்குத் தெரியாமல், அறுவடை முடிந்ததும் பால்காரரின் சைக்கிளில் அத்தைக்கு அரிசி போகும். மூட்டையின் வாயில் அம்மா ஒரு பழைய புடவைக் கிழிசலைக் கட்டிவிடுவார், அத்தைக்கு அடையாளம் தெரிவதற்காக.

ஆகவே என் பதில் இதுதான். நிற்பதா, போவதா என்பதை அவரவர் நிலைமைதான் முடிவு செய்யும். பிள்ளை குட்டியோடு வெளியே போக வழியில்லாதவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மாரீசன், விபீஷணன், கும்பகர்ணன் மூவரும் தப்பைத் தப்பு என்று இராவணன் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நாம் கும்பகர்ணனிடமிருந்து கூட நிற்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னால் அவன் பேசியதை எல்லாம் விட்டுவிட்டோம்.

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. 1939-இல் காரைக்குடியில் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகத்தைப் பார்த்துப் பல ஊர்களில் கழகங்கள் தோன்றின, எங்கள் பக்கத்திலும் ஒன்று உண்டு. 2011-இல் அங்கே நடந்த விழாவுக்கு அப்பாவைக் கூட்டிப் போயிருந்தேன். பெரியப்பா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. பேசியவர் கும்பகர்ணன் விடைபெறும் பாட்டைச் சொன்னார். அப்பா தோள் துண்டை எடுத்து மடியில் வைத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். விழா முடிந்து நடந்து வரும்போது ரொம்ப நேரம் பேசவில்லை. தெருமுனை வந்ததும் சொன்னார்: "அவன் சொல்லிட்டுத்தான்டா போனான். நான் தூணைப் புடிச்சுக்கிட்டு நின்னேன்."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அத்தை ஊருக்குப் போனோம். அப்பா தன் பங்கிலிருந்து எழுதித் தருவதாகச் சொல்லத்தான் வந்திருந்தார். ஆனால் அத்தை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றார். அத்தை கதவைத் திறந்து கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தார். பிறகு, "உள்ள வாண்ணே, வெயில்ல நிக்காத" என்றார்.