வரியை மாற்றச் சொன்னால் பாட்டு யாருடையது?

கேள்வி: எனக்கு 48 வயது. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். கொஞ்ச காலமாகப் பாட்டு எழுதுகிறேன். திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டும் தபேலாவும் வாசிக்கும் நண்பர்கள் மெட்டுப் போட்டுத் தருகிறார்கள். ஆனால் வரிக்கு வரி மாற்றச் சொல்கிறார்கள். ‘வெயில் தணிந்த தெருவிலே உன் நினைப்பு’ என்ற பல்லவியைக்கூட விட்டுவைக்கவில்லை. இப்படியே போனால் அது என் பாட்டாகுமா? இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

– ஒரு வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: வயதைப் பற்றி ஒரு வரி, நண்பர்கள் மீதுள்ள மனத்தாங்கலைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். ஆக, உங்களை உறுத்துவது வயது இல்லை.

அந்தப் பல்லவியை நீங்களே வாய்விட்டுப் பாடிப் பாருங்கள். மெட்டு கடைசி எழுத்தில் நின்று நீளும்போது ‘நினைப்பு’ என்பது ‘நினைப்பூ’ ஆகிவிடும். கேட்பவர் காதில் ஏதோ ஒரு பூதான் விழும். ‘உன் நினைப்பிலே’ என்று முடித்தால் ஏகாரம் எவ்வளவு நேரமும் தாங்கும். ‘தெருவிலே’வுக்கு இயைபும், அதாவது வரிகளின் முடிவில் ஒரே ஓசையும் கிடைக்கும். தாளில் கண்ணுக்குத் தெரியாத கோளாறு இது. வாசிக்கிறவருக்கும் பாடுகிறவருக்கும் உடனே தெரியும். அதைச் சொல்லித்தரக் காசு கேட்காத நண்பர்கள் வாய்த்திருக்கிறார்கள். அவர்களிடமா கோபம்?

கர்நாடக இசைப் பாடல்கள் எழுதிய மதுரை அம்புஜம் கிருஷ்ணாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1917இல் பிறந்தவர். முப்பது வயதைத் தாண்டித்தான் பாட்டு எழுதத் தொடங்கினார். சாகித்தியம், அதாவது பாட்டின் வரிகள் அவருடையது, வர்ணமெட்டுக்கு வி.வி. சடகோபன், மதுரை என். கிருஷ்ணன், டி.என். சேஷகோபாலன் போன்ற வித்வான்கள் துணை நின்றார்கள். நூற்றுக்கணக்கான பாடல்கள் ‘கீதமாலா’ தொகுதிகளாக வந்தன. ரீதிகௌளை ராகத்தில் ‘குருவாயூரப்பனே அப்பன்’ பாடும்போது அது அம்புஜம் கிருஷ்ணாவின் பாட்டு என்றுதான் மேடையில் சொல்கிறார்கள். பெரியசாமித் தூரனும் அப்படித்தான். நாற்பது வயதில் தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பொறுப்பை ஏற்று இருபது ஆண்டுகள் சுமந்தவர், கூடவே கீர்த்தனைகளும் தந்தார். கர்நாடக இசைப் பாடகர் முசிரி சுப்பிரமணிய ஐயரே அவர் பாடல்களுக்கு மெட்டமைத்திருக்கிறார். அதனால் தூரனின் பேர் குறைந்துவிட்டதா என்ன?

சட்டமும் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி வரிகள் தனிப் படைப்பு, இசை தனிப் படைப்பு. வரிகளை உங்கள் பேரிலும் மெட்டை அவர்கள் பேரிலும் இன்றைக்கே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். யூடியூபில் ஏற்றினாலும் அதே போல எல்லார் பேரையும் போடுங்கள். பின்னால் மனக்கசப்பு வராமலிருக்க இந்த ஒரு தாள் போதும்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓசைக்காக மாற்றச் சொன்னால் மாற்றுங்கள். நீங்கள் சொல்ல வந்த பொருளையே மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். வெயில் தணிந்த தெரு உங்களுடையது. அதை நிலவொளியாக்க யாருக்கும் உரிமையில்லை.

அடுத்த முறை நோட்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். முதலில் மெட்டைப் போடச் சொல்லி, தன்னானேயில் பாடவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து அதற்கு எழுதுங்கள். நம் சினிமாப் பாட்டு பெரும்பாலும் அப்படித்தான் பிறக்கிறது. எழுதியதை எனக்கு அனுப்ப வேண்டாம், தபேலாக்காரரிடம் காட்டுங்கள்.